என் படியை அளந்து தாரும்: கஷ்டத்தின் நடுவே போதுமென்ற மனதைப் பழகுவது எப்படி

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் 750 மில்லி பிடிக்கிற பழைய ஜூஸ் பாட்டில் ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் அதில் தண்ணீர் நிரப்பி வைப்பேன். அத்தானுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, அன்றைக்கு அவ்வளவுதான். காபி, ரசம், மாத்திரை விழுங்கக் குடிக்கிற மடக்கு எல்லாமே அதில் அடக்கம். அரை டம்ளர் காபி கொடுத்தால் அரை டம்ளர் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். (இது அவருக்கு டாக்டர் சொன்ன அளவு. ஆளுக்கு ஆள் மாறும். படித்துவிட்டு யாரும் இதையே பிடித்துக்கொள்ள வேண்டாம்.)

2019-இல் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. அதிலிருந்து திங்களும் வியாழனும் டயாலிசிஸ் (மிஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்வது), ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம். ரயிலேறித் திருநெல்வேலி போய்த் திரும்பினால் ஒரு பகல் போயிற்று. மற்ற நாட்களில் நான் ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டு வருமானம் அதுதான், அப்புறம் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகள் அனுப்புவது.

போன வருடம் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் "கஷ்டத்திலும் மனநிறைவோடு இருப்பது எப்படி" என்று என்னைப் பேசச் சொன்னார்கள். "நீங்க எப்பவும் சிரிச்ச முகமா இருக்கீங்களே" என்றார் ஐயரம்மா (எங்கள் சபைப் போதகரின் மனைவி). அன்று காலையில்தான் ரேஷன் கடை வரிசையில் ஒருத்தியோடு வாய்ச்சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. ஆனாலும் பேசினேன், ஏனென்றால் இந்த வருடங்களில் சிலதைப் பழகியிருக்கிறேன். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தெரியும். அன்று கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். தையல் சொல்லிக்கொடுக்கிற மாதிரிதான் எனக்கு எழுத வரும்.

கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இது

வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் பிலிப்பி ஊர்ச் சபையாருக்கு எழுதிய நிருபம் நாலாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார். நாம் "மனரம்மியம்" (மனநிறைவு) என்ற வார்த்தையிலேயே நின்றுவிடுகிறோம். என் கண் "கற்றுக்கொண்டேன்" என்பதில் போய் நின்றது. எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அக்கா முதல் மூன்று மாதம் ஜாக்கெட்டில் கை ஏற்ற விடவே இல்லை. விட்ட பிறகும் ஏற்றியதைப் பிரி, மறுபடி ஏற்று, மறுபடி பிரி. துணியில் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். பவுலுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வேன். பிறக்கும்போதே அவர் சாந்த சொரூபி இல்லை, அவரை வாசித்த யாருக்கும் அது தெரியும்.

அங்கே அவர் எழுதிய கிரேக்கச் சொல், அந்தக் காலத்துத் தத்துவக்காரர்கள் "யாரையும் எதையும் சாராமல் தனக்குத்தானே போதுமாக இருப்பது" என்பதற்கு வைத்திருந்த சொல்லாம். வேதபாட வகுப்பில் கேட்டது. பவுல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, இரண்டு வசனம் தள்ளி, பெலன் தன்னுடையதில்லை, கிறிஸ்து தருவது என்று சொல்லிவிடுகிறார். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." இதே வசனத்தைத்தான் ஆட்டோக்களின் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். தப்பில்லை. ஆனால் பவுல் அங்கே சொல்கிற "எல்லாம்" என்பதில் பட்டினியாயிருப்பதும் அடக்கம். முந்தின வசனத்தைச் சேர்த்துப் படியுங்கள்.

பெலனுண்டு என்பதற்கு அடுத்த வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். பிலிப்பியர் அனுப்பிய உதவியை வாங்கிக்கொண்டு, என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்கிறார். முதல் இரண்டு வருடம் யார் உதவ வந்தாலும் "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், கர்த்தர் பார்த்துக்குவார்" என்று திருப்பி அனுப்பினேன். அதைப் பெரிய விசுவாசம் என்று வேறு நினைத்திருந்தேன். வெறும் வீம்பு. கர்த்தர் பார்த்துக்கொள்ளத்தானே அவர்களை அனுப்பினார்? இப்போது யாராவது மீன் கொண்டுவந்தால் பாத்திரத்தை நீட்டிவிடுகிறேன்.

முறையிடுவதில் தொடங்குங்கள்

"எடுத்த எடுப்பில் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று பலர் போதிப்பார்கள். எனக்கு அது வரவில்லை. தொண்டையில் அடைத்துக்கொண்ட ஒன்று வெளியே வராமல் துதி உள்ளேயிருந்து எழும்பாது.

செய்ய வேண்டியது இது. வீட்டில் மற்றவர்கள் எழும்புமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நான் அடுப்பில் பால் வைத்துவிட்டுப் பின்வாசல் படியில் உட்காருவேன். (பால் இரண்டு தடவை பொங்கிவிட்டது. இப்போது பாலை இறக்கிவிட்டு உட்காருகிறேன்.) வேதாகமத்தில் 13ஆம் சங்கீதத்தைத் திறந்து முதல் வரியைச் சத்தமாக வாசியுங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அப்புறம் வேதாகமத்தை மூடிவிட்டு, உங்கள் சொந்தப் பேச்சில் தொடருங்கள். "ஆண்டவரே, நேத்து ராத்திரி பூரா அவருக்குக் கால் சொறிச்சல். நானும் தூங்கலை. கரண்டு பில் 1,840 ரூவா. என்னய்யா நினைச்சிட்டிருக்கீரு?" இப்படித்தான் பேசுவேன். ஜெபக்கூட்டத்துத் தமிழ் வேண்டாம். அந்தத் தமிழில் கோபம் வராது.

இது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் 88ஆம் சங்கீதத்தைக் காட்டுங்கள். அதில் கடைசி வரி வரைக்கும் இருட்டுதான். "ஆனாலும் நான் உம்மைத் துதிப்பேன்" என்கிற திருப்பம்கூடக் கிடையாது. அப்படியே வேதத்தில் சேர்த்திருக்கிறார்கள். விடியாத காலையில் வாசிக்கவும் ஒரு சங்கீதம் வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

பத்து நிமிடம் ஆனதும் எழுந்துவிடுங்கள். மனது லேசாகியிருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சில நாள் லேசாகும், சில நாள் ஆகாது.

அன்றைய படி

எனக்கு மிகவும் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எங்கள் சபையில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை (புது வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்தது) எடுப்போம். ஒரு வருடம் எனக்கு லூக்கா 6:38 வந்தது: "அமுக்கிக் குலுக்கிச் சரிந்து விழும்படி நன்றாய் அளந்து." பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் "இந்த வருஷம் உங்களுக்குத்தான்" என்றார்கள். அந்த வருடம்தான் அத்தானுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. அந்த அட்டையை ரொம்ப நாள் கோபத்தோடு வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் நீதிமொழிகள் 30-இல் ஆகூர் என்பவருடைய ஜெபம் கண்ணில் பட்டது. "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக, என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று கேட்கிறார்.

படி என்றதும் அம்மா வைத்திருந்த இரும்புப் படிதான் ஞாபகம் வந்தது. அறுவடைக் கூலிக்கு வருகிறவர்களுக்கு அம்மா நெல் அளப்பார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது: கடைக்காரன் தலை தட்டி அளப்பான், நாம் கூலி கொடுக்கும்போது தலை தட்டக் கூடாது. ஆகூர் கேட்பது கோபுரமாகக் குவித்த படியும் இல்லை, அரைப்படியும் இல்லை. தனக்கென்று உள்ள படி. ஜன்னலில் நின்ற ஜூஸ் பாட்டிலைப் பார்த்தேன். அத்தானுக்கு 750 மில்லிக்கு மேல் போனால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். நிறையக் கிடைப்பது எல்லாருக்கும் எப்போதும் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பாட்டில் வேறு பாடம் சொன்னது.

இதைப் பழக்கமாக்குவது எப்படி என்றால், ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இடது பக்கம் மேலே "இன்று", வலது பக்கம் மேலே "நாளை" என்று எழுதுங்கள். காலையில் தலைக்குள் ஓடுகிற கவலைகள் எல்லாவற்றையும் எடுத்து இரண்டில் ஒன்றில் போடுங்கள். இன்றைக்குக் கை வைத்துச் செய்யக்கூடியது இடது பக்கம். மற்றதெல்லாம் வலது பக்கம். இடது பக்கத்தை மட்டும் ஜெபத்தில் வைத்து, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் சொல்கிற "இன்று" என்ற வார்த்தையில் நிறுத்தி, இடது பக்கத்து வரிகளைச் சொல்லுங்கள். வலது பக்கத்தைப் பகலில் திறக்கக் கூடாது. முதல் வாரம் நான் இருபது தடவை திறந்தேன். போகப் போகக் குறைந்தது.

திட்டம் போடுவதே தப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இஸ்ரவேலர் வனாந்தரத்தில் மன்னா (கர்த்தர் வானத்திலிருந்து தந்த ஆகாரம்) பொறுக்கியபோது ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. பேராசைப்பட்டு மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுடையது பூச்சி பிடித்து நாற்றமெடுத்தது. ஆனால் ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு மடங்கு எடுக்கச் சொன்னார், அது கெடவில்லை. யாத்திராகமம் 16-இல் இரண்டும் இருக்கிறது. ஆகவே திங்கட்கிழமை ரயில் டிக்கெட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காசு எடுத்து வைப்பது மன்னாவைப் பதுக்குவதில் சேராது. அடுத்த வருடம் அவருக்கு என்ன ஆகும் என்று ராத்திரி இரண்டு மணிக்கு முழித்துக் கிடப்பதுதான் நாறிப்போகிற மன்னா.

நன்றி சொல்லும்போது விரலை வைத்துச் சொல்லுங்கள்

"எல்லாவற்றுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று மொத்தமாகச் சொன்னால் மனதுக்குள் எதுவும் அசையாது. எண்ணிச் சொல்லலாம், தொட்டுச் சொல்லலாம். அத்தானுடைய இடது முழங்கைக்குக் கீழே டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய் இரண்டை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். அது நன்றாக ஓடுகிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும். விரலை வைத்தால் தையல் மிஷின் மோட்டார் ஓடுகிற மாதிரி 'விர்ர்' என்று ஒரு அதிர்வு. அது நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தினமும் காலையில் அங்கே விரலை வைத்து, அதிர்வு தெரிந்ததும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்கிறேன். அவ்வளவுதான் என் நன்றிப் பலி. உங்கள் வீட்டிலும் இப்படித் தொடுகிற மாதிரி ஒன்று இருக்கும், தேடுங்கள்.

அடுத்தவர் ஜாக்கெட்

போதுமென்ற மனதுக்கு வறுமையைவிடப் பெரிய எதிரி எனக்குப் பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தம்தான். சபையில் சாட்சி (கர்த்தர் செய்த நன்மை) சொல்லும் நேரம் வந்தால் எனக்கு வயிறு கலங்கும். ஒருவர் மகனுக்கு கனடா விசா, இன்னொருவர் வீட்டுக்கு மாடி. ஆமென் என்று வாய் சொல்லும். உள்ளே வேறு ஒன்று சொல்லும்.

என் நிலைமை கொஞ்சம் விசேஷம். நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேனோ அவர்களுடைய ஜாக்கெட் என் மடியில் இருக்கும். ஆரி வேலை செய்த பட்டு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்துக்கொண்டே அவர்கள் வீட்டுக் கல்யாணத்தை நினைத்து வெந்துபோவேன். 73ஆம் சங்கீதத்தில் ஆசாப் இதைத்தான் சொல்கிறார், துன்மார்க்கர் சுகமாய் வாழ்வதைப் பார்த்துத் தன் கால்கள் சறுக்கப் பார்த்தன என்று. எங்கள் ஊர்க்காரர்கள் துன்மார்க்கரும் இல்லை, அதனால் எனக்கு அந்த ஆறுதல்கூடக் கிடையாது.

நான் கண்டுபிடித்த வழி: ஒவ்வொரு ஹூக்குக்கும் அந்த வீட்டில் ஒருவர் பேர் சொல்லி ஆசீர்வாதம் கேட்பது. ஒரு ஜாக்கெட்டுக்கு ஆறு ஹூக் என்றால் ஆறு பேர். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆறாவது ஹூக்கில் மாமியாருக்காகக் கேட்கும்போது, அந்த அம்மாள் முட்டு வலியோடு வந்து அளவு கொடுத்தது ஞாபகம் வரும். அவர்கள் வீட்டிலும் ஏதோ இருக்கிறது என்று தெரியும்போது பொறாமைக்குக் கொஞ்சம் மூச்சு முட்டும். எப்போதும் பலிக்கிறதா? இல்லை. ஒரு தடவை ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கையை அரை இஞ்ச் இறுக்கமாகத் தைத்துவிட்டேன். அது மறதியா, பொறாமையா என்று எனக்கே இன்னும் தெரியாது. பிரித்துத் தைத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

போனில் ஸ்டேட்டஸ் பார்க்கிறவர்களுக்கு ஒன்று: ராத்திரி படுக்கையில் பார்க்காதீர்கள். இதற்கு வசன ஆதாரம் கிடையாது, அனுபவம்தான்.

கைப்பிடி அரிசி

திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் பழைய வழக்கம் இது. உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, ஊழியத்துக்காகச் சபையில் கொண்டுபோய்க் கொடுப்பது. என் மாமியார் விடாமல் செய்தார்கள். எங்களுக்குச் சிரமம் வந்தபோது நான் நிறுத்திவிட்டேன், நமக்கே இல்லையே என்று. ஒரு வருடம் கழித்துத் திரும்ப ஆரம்பித்தேன். காரணம் பக்தி என்று சொல்ல மாட்டேன். வாங்குகிறவளாகவே இருந்து இருந்து என்னை எனக்கே பிடிக்காமல் போய்விட்டது. ஒரு கைப்பிடி அரிசி உலையில் குறைந்ததால் யாருக்கும் வயிறு காயவில்லை. ஆனால் கொடுக்கிறதற்கு என்னிடமும் ஒன்று இருக்கிறது என்ற நினைப்பு தினமும் ஒரு தடவை வந்துபோகிறது. லூக்கா 6:38 என்ற அந்த வசனம் "கொடுங்கள்" என்றுதான் தொடங்குகிறது என்பதை அப்புறம்தான் கவனித்தேன். என் வாக்குத்தத்த அட்டையில் அந்த வார்த்தையை விட்டுவிட்டு அச்சடித்திருந்தார்கள்.

யார் பேச்சைக் கேட்கக் கூடாது

கஷ்டம் வந்ததும் வீட்டுக்குப் புத்தி சொல்ல வருவார்கள். "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கும்" என்று ஒருவர் அத்தான் முகத்துக்கு நேராகவே சொன்னார். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்று இயேசு சொன்னதை யோவான் 9-இல் வாசிக்காமலா இருந்திருப்பார்? இன்னொருவர், விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை நிறுத்திக் காட்டுங்கள் என்றார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த தடவை வாசற்கதவைத் திறக்கவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: மருந்தை நிறுத்தச் சொல்கிற ஜெபம் எந்த வீட்டுக்கும் வேண்டாம். எல்லாவற்றையும் இழந்த யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியானது அதுதான். பேச ஆரம்பித்ததும் கெட்டது.

போதுமென்ற மனதை அடுத்தவர் தலையில் சுமத்தவும் கூடாது. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனிடம் இருக்கிற பெண்ணிடம் போய் "இருக்கிறது போதும் என்று இரு" என்று சொல்வது அக்கிரமம். அவளுக்குத் தேவை வேறு வீடும், கூட வந்து போலீஸில் பேச ஒரு ஆளும். பவுலே அடிமைகளிடம், விடுதலையாக முடிந்தால் அதை விடாதே என்றுதான் எழுதினார்.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாக வேண்டும் போல இருக்கிறது என்றால் டாக்டரிடம் போங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்துச் "சாகிறேன்" என்ற எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்க விட்டான். எழுப்பி இரண்டாவது தடவையும் சாப்பிட வைத்தான். பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

டோனாவூர்த் தொட்டி

ஒரு தடவை டோனாவூருக்குப் போயிருந்தேன். களக்காட்டுக்குப் பக்கம். மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஏற்படுத்திய இடம். 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். சுகத்துக்காக எல்லாரும் ஜெபித்தார்கள், அவரும் கேட்டார். நடந்து திரியும்படியான சுகம் வரவேயில்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருடம், பெரும்பாலும் தன் அறையும் கட்டிலும்தான். படுத்தபடியே எழுதினார். நோயில்லாதவர்கள் நோயாளிகளுக்கு எழுதுகிற ஆறுதல்கள் தனக்கு உதவவில்லை என்று, நோயாளியாகவே நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். கல்லறைக்குக் கல் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டி ஒன்றை வைத்து, அதில் தாயைக் குறிக்கிற ஒற்றைச் சொல்லை மட்டும் பொறித்திருக்கிறார்கள். அத்தான் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "குருவிக்கு அளவு கிடையாது பாரு" என்றார்.

2023 டிசம்பர்

இவ்வளவும் சொல்லிக்கொடுக்கிற நான், பரீட்சை வந்தபோது என்ன செய்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி கரைமீறியது, குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. அத்தானுக்கு வியாழக்கிழமை டயாலிசிஸ் ஆகியிருந்தது. அடுத்தது திங்கள். திங்கட்கிழமை விடியும்போது எங்கள் வாசற்படி வரை தண்ணீர், கரண்டு இல்லை, போன் இல்லை, ரோடு இல்லை.

அன்று நான் மனரம்மியமாக இல்லை. பின்வாசல் படி தண்ணீருக்குள் இருந்ததால் மச்சில் உட்கார்ந்து கத்தினேன். நோட்டை எடுத்து "நாளை" என்ற பக்கத்தைக் கிழித்துப்போட்டேன், ஏனென்றால் அதில் எழுத ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதை எழுதக் கை வரவில்லை. "இன்று" பக்கத்தில் எழுதியது மூன்று: தண்ணீர் 400. பழம், பருப்பு கிடையாது. உட்கார வைத்துத் தூங்க வை.

சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர். வீட்டுக்குள் நான் பாட்டில் மூடியால் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். செவ்வாய் ராத்திரி அவருக்கு மூச்சு இளைத்தது. தலையணைகளை முதுகுக்கு வைத்து, கையில் விரலை வைத்துப் பார்த்தேன். அதிர்வு இருந்தது. "ஸ்தோத்திரம்" என்றேன், பழக்க தோஷத்தில். அவர் வறண்ட உதட்டோடு சிரித்தார். "ஏட்டி, ஆண்டவரும் தாகமா இருக்கேன்னுதான சொன்னாரு" என்றார். அதற்கு நான் ஒன்றும் பதில் சொல்லவில்லை. 131ஆம் சங்கீதத்தில் தாயின் பால்மறந்த குழந்தை என்று வருகிறதே, அதை அன்று ராத்திரி புரிந்துகொண்ட மாதிரி இருந்தது. பால் கிடைக்காது என்று தெரிந்தும் மடியிலேயே படுத்திருக்கிற பிள்ளை. அழுது முடித்த பிள்ளை.

புதன்கிழமை மத்தியானம் பக்கத்து ஊர்ப் பையன்கள் டிராக்டர் கொண்டுவந்தார்கள். ரோடு உடைந்த இடத்தில் இறங்கித் தோளில் தூக்கி நடந்தார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வேன். அதில் இரண்டு பேர் எங்கள் சபை இல்லை, கிறிஸ்தவர்களும் இல்லை. "வேண்டாம், கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்கிற வாய் எனக்கு அப்போது இல்லை. சாயங்காலம் டயாலிசிஸ் மிஷினில் போட்டார்கள். நாலரை கிலோ நீர் ஏறியிருந்தது. ஒரே தடவையில் எடுக்கக் கூடாது என்று இரண்டு நாளாகப் பிரித்து எடுத்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது தையல் மிஷின் மோட்டாரில் சேறு. கொடுக்க வேண்டிய ஒன்பது ஜாக்கெட்டும் நனைந்து சாயம் போயிருந்தன. ஒன்பது வீட்டிலும் போய்ச் சொன்னேன். ஏழு வீட்டில் காசு கேட்கவில்லை. ஒரு வீட்டில் கேட்டார்கள், மூன்று தவணையில் கொடுத்தேன். இன்னொரு வீட்டில், நான் கை இறுக்கமாகத் தைத்துக் கொடுத்தேனே அந்த அம்மாள், என் மிஷின் மோட்டாரை ரிப்பேர் பார்க்கத் தன் மகனை அனுப்பினார்.

ஜூஸ் பாட்டில் ஜன்னலிலேயே இருந்தது. உள்ளே ஒரு விரல் அளவுக்குச் சேறு படிந்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, காய்ச்சி ஆறின தண்ணீரைக் கோடு வரை ஊற்றி வைத்தேன். அத்தான் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் காபி உண்டா?" என்று கேட்டார். உண்டு என்று சொல்லி, அரை டம்ளர் தண்ணீரைச் செடிக்கு ஊற்றப் போனேன். செடி வெள்ளத்தோடு போயிருந்தது.